கழுத்து வரை பெட்ரோல்

கேரளத்தில், பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில் குடியிருக்கிற எங்களுக்குப் பெட்ரோல் என்பது தமிழ்நாட்டு எல்லையில் உள்ள களியக்காவிளையில் கிடைக்கிற பொருள். இந்தப் பக்கமும் பம்புகள் இல்லாமல் இல்லை. நல்ல வெளிச்சம், காற்றடிக்க வசதி, கழுவி விட்ட தரை எல்லாம் உள்ள பம்புகள்தான். அங்கே நிற்பவர்கள் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள், அல்லது வண்டி வழியில் நின்றுபோய் வேறு வழியில்லாதவர்களாக இருப்பார்கள். மற்றவர்கள் எல்லையைத் தாண்டிப் போய்த்தான் நிரப்புவோம். அந்தப் பக்கம் விலை குறைவு. அதைவிட, இந்தப் பக்கம் நிரப்பினால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டு, "என்ன, லாட்டரி அடிச்சிட்டா?" என்று கேட்பார்கள்.

அவ்வளவு தூரம் போன பிறகு அரைகுறையாக நிரப்பிக்கொண்டு திரும்ப யாருக்கும் மனம் வராது. குழாய் 'டக்' என்று தானாக நின்றதும் பம்பு ஊழியர், "சார், கட்டாயிட்டு" என்பார். வண்டிக்காரர், "இன்னும் கொள்ளும்" என்பார். அவர் ஒரு அழுத்து அழுத்துவார். மறுபடியும் 'டக்'. "இன்னும் கொள்ளும்." வாய்க்குள் பெட்ரோல் மினுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியைப் போட விடுவோம். இதைக் கழுத்து வரை அடிப்பது என்போம்.

நான் அரசுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறர் செய்கிற காரியத்தை முறைப்படுத்துவது எனக்கு மருந்தாலும் உறக்கத்தாலும் தீராத வியாதி. கழுத்து வரை அடிப்பதையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் போகும் பம்பின் முற்றம் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். டாங்கின் வாய் மேட்டுப் பக்கம் வரும்படி வண்டியை நிறுத்தினால் உள்ளே இருக்கிற காற்று முழுவதும் வெளியேறும். முதல் கட்டுக்குப் பிறகு நுரை அடங்கப் பொறுத்திருக்க வேண்டும். பிறகு கூரையின் இரு ஓரத்தையும் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது போல வண்டியை ஆட்ட வேண்டும். பிறகு மறுபடியும் அடிக்க வேண்டும். இதை நான் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர் தன் மாமியாரைப் பின் சீட்டில் இருந்து குதிக்கச் சொன்னதாகக் கேள்வி. அது என் முறையில் இல்லாதது.

எங்கள் கார் பதின்மூன்று வருஷம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஓட்டப் பழகினாள். கேரளத்தில் லைசென்சுக்குக் கம்பிகளுக்கு நடுவில் பின்னோக்கி எச் எழுத்துப் போலக் காரை ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவையிலேயே போட்டுவிட்டாள். நான் என் காலத்தில் இரண்டாவது தடவை போட்டேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவள் பழகியதற்குக் காரணம் காரக்கோணத்தில் இருக்கிற அவளுடைய அக்கா. அக்காவுக்கு முழங்கால் முட்டு தேய்ந்துபோய்விட்டது, தனியாக இருக்கிறார். பஸ்ஸில் போனால் இடையில் மாறி ஏற வேண்டும், காத்து நிற்க வேண்டும். என்னைக் கூப்பிட்டால் நான் வருவேன், ஆனால் கேட்க வேண்டும். கேட்டால் நான் மணி பார்ப்பேன். காரை ஓட்டப் பழகிய பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கைப்பையை எடுப்பாள், "அக்காளுக்க வீட்டுக்குப் போயிட்டு வாறேன்" என்பாள், கேட் திறக்கும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து களியக்காவிளைச் சந்தைக்குப் போவோம். போகும்போது நான் ஓட்டுவேன். சந்தை முடிந்து, பெட்ரோல் அடித்த பிறகு, திரும்பும்போது அவள் ஓட்டுவாள். நெரிசலில் பழகட்டும் என்று நான்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தேன். சில மாதங்களில் ஒரு விஷயம் தெளிவானது. நான் ஓட்டும்போது கார் நிற்பதில்லை. அவள் ஓட்டும்போது நின்றது. பம்பை விட்டு வெளியே வந்ததும் இழுத்து இழுத்துப் போகும். ஜங்ஷனில் மெதுவாக்கினால் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்காது.

"கிளட்ச பைய விடு, பைய விடுன்னு எத்தன தடவ செல்லியிருக்கு?"

"நான் பையத்தான் விட்டேன். பெட்ரோல் நாத்தம் வருது பாருங்க."

"பெட்ரோல் பம்புக்குப் போயிட்டு வந்தா பெட்ரோல் நாறாம பிச்சிப்பூவா மணக்கும்?"

அவள் கணக்கு வாத்தியார். ஒருநாள் வீட்டில் வைத்து நிதானமாகச் சொன்னாள். "டாங்க் நெறச்ச அன்னிக்கு மட்டுமாக்கும் இப்படி. காரக்கோணத்துக்கு நான் தனியா போறப்பம் ஒரு நாளும் நின்னது கிடையாது."

"அங்க டிராபிக் கிடையாது. பின்ன, நான் பாக்காதத நான் எப்படி எடுத்துக்கிட முடியும்?" என்றேன். ஆபீஸில் பலரை வாயடைக்க வைத்த வாக்கியம் அது. அவளையும் அடைத்தது.

ஒரு சனிக்கிழமை ஜங்ஷனின் நட்டநடுவில் நின்றுபோனது. பின்னால் கேரள பஸ், முன்னால் திரும்ப வழியில்லாமல் தமிழ்நாட்டு பஸ். இரண்டு மாநில அரசுகளும் அவளைப் பார்த்து ஹாரன் அடித்தன. கேரள பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "சேச்சீ, இது ரோடாக்கும், வண்டி ஷெட்டு இல்ல கேட்டியளா!" என்று கத்தினான். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் வந்து, "யம்மா, தள்ளணுமா?" என்றார். அவள் இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். நான் என்ன செய்தேன் என்றால், இறங்கிப் போய் பஸ் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓட்டப் படிச்சிட்டு இருக்காவ" என்றேன். அவளுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன்பு, சிவப்பில் எல் எழுதிய ஒரு ஸ்டிக்கரை வாங்கிப் பின் கண்ணாடியில் ஒட்டினேன். லைசென்சு உள்ளவருக்கு அது தேவையில்லை என்ற விதி எனக்கு நன்றாகத் தெரியும். பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு, வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே விளக்கம் எழுதிக்கொண்டேன். பம்பில் மீன் பையை வைக்கப் பின்னால் போனவள் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். வந்து, ஓட்டுகிற சீட்டில் ஏறாமல், அடுத்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றேன்.

"நீங்க ஓட்டுங்க."

பம்பு ஊழியர் பின்னால் நின்ற வண்டிகளைக் காட்டி அவசரப்படுத்தினார். அவற்றுக்கு இடம் விட்டுக் காரை வெளியே எடுத்து, எதிரில் இருந்த கடையில் வெற்றிலை, காய்ந்த மிளகாய் என்று மறந்துபோனதையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு சாயாவும் குடித்துவிட்டு வந்துதான் ஓட்டினேன். எனக்கு நிற்கவில்லை. ஒரு குலுக்கல் இருந்தது போலிருந்தது. ரோட்டின் குழி என்று நினைத்தேன். பிறகு வந்த சனிக்கிழமைகளில் முதலில் பெட்ரோல் அடித்து, காரைப் பம்புக்கு வெளியே விட்டுவிட்டுச் சந்தைக்கு நடந்து போகிற மாதிரி ஒழுங்கை மாற்றிக்கொண்டேன். அது வசதியாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் ஓட்டவில்லை. காரக்கோணத்துக்கு பஸ்ஸில் போனாள். முதலில் அடிக்கடி, பிறகு எப்போதாவது. அக்கா போனில், "ஏம்பிளா, இப்பம் வண்டி எடுக்கது இல்லியா?" என்று கேட்பது ஸ்பீக்கரில் கேட்கும். "கண்ணு கூசுது அக்கா" என்பாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

இதோடு நான் விட்டிருக்கலாம். அவளுடைய அண்ணன் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு வைத்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு பெண்கள் வண்டி ஓட்டுவதில் வந்து நின்றது. நான் ஜங்ஷன் கதையைச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்பதுதான் துக்கம். இரண்டு பஸ்களின் ஹாரனை இரண்டு குரலில் அடித்துக் காட்டினேன். கண்டக்டரின் குரலை எடுத்தேன். அவள் சாவியைத் திருப்புவதையும் உதட்டைக் கடிப்பதையும் கையாலும் முகத்தாலும் செய்து காட்டினேன். மச்சானுடைய மகன் நாற்காலியில் இருந்து சரிந்து சிரித்தான். அவள் எங்களுக்குப் பாயசம் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

புகைச் சான்றிதழ் முடிந்து புதுப்பிக்கப் போனது அதற்குச் சில மாதம் கழித்து. ரோட்டோரத்தில் ஒற்றை அறையில் கம்ப்யூட்டரும் கருவியும் வைத்து ஒரு பெண் அதை நடத்துகிறார். சைலன்சருக்குள் குழாயை நுழைத்துவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கச் சொன்னார். திரையில் எண்கள் ஏறி, சிவப்பாகி நின்றன.

"சாறே, இது கிட்டாது. ரெண்டும் மேலயாக்கும்."

"கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தானே?" என்றேன், தெரிந்தவன் என்று காட்ட.

"ஆமா. எரியாத பெட்ரோலு." அவர் சிரித்துவிட்டார். "சாறுக்க வண்டி பெட்ரோல் குடிக்கல்ல, துப்புது."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர், கழுத்து வரை அடிக்கிற கலையை என்னிடம் கற்றுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர். "சாறுக்க வண்டியா தோத்தது?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். அவருடைய வண்டியும் தோற்றது. அவர் மாமியார் குதித்த வண்டி. அதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு அப்போது எனக்குப் புரியவில்லை. ஊரில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நோய் வந்தால் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பப் பாடத்தில் உண்டு. நான் கருவி சரியில்லை என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் கடற்கரைப் பக்கத்து ஆள். தகப்பன் வள்ளத்தில் போனவர், இவர் வள்ளத்து இன்ஜினில் தொடங்கிக் காருக்கு வந்தவர். எதிலும் சந்தேகம் என்பது கிடையாது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். மை தடவியது போலக் கறுத்திருந்தது.

"ஆக்சிஜன் சென்சறாக்கும் சாறே. நூறு சதமானம்."

சென்சர் என்பது சைலன்சர் குழாயில் மூக்கை நீட்டிக்கொண்டு, எரிந்த புகையில் பிராணவாயு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சாமான். புதியது போட்டோம். மறுபடி சோதித்தோம். மறுபடியும் சிவப்பு.

"அப்பம் கன்வெர்ட்டறாக்கும். நூறு சதமானம்."

"போன தடவையும் நூறு சதமானம்னுதானே ஓய் சொன்னீரு?"

"அது சென்சருக்க நூறு. இது கன்வெர்ட்டருக்க நூறு."

நச்சுப் புகையை வடிகட்டுகிற கன்வெர்ட்டர், இந்தக் காரின் தற்போதைய மதிப்புக்குப் பக்கத்தில் வருகிற சாமான். நான் வண்டியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இனி முறைப்படி நானே பார்ப்பது என்று தீர்மானித்தேன். அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னி உச்சைக்குச் சோறு உண்டா, இல்ல வண்டிதானா?" என்றாள். அந்த வாரம் முழுவதும் வண்டிதான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற ஒரு சின்னக் கருவி வாங்கினேன். காரின் கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது என்பதை அது போனில் காட்டும். இன்ஜின் சும்மா ஓடும்போது பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே இருந்தது. தன்னால் இதற்கு மேல் குறைக்க முடியாது என்கிற இடம் வரை குறைத்திருந்தது. அப்படியும் புகையில் பெட்ரோல் வாசனை. பந்தியில் ஒருவர் சோற்றைக் குறைத்துக் குறைத்து விளம்பியும் இலை நிறைந்துகொண்டே இருந்தால், இன்னொருவர் பின்னால் நின்று விளம்புகிறார் என்று அர்த்தம். யார் அந்த இன்னொருவர் என்பதுதான் கேள்வி.

இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பார்த்தேன். இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. டாங்கில் இருந்து எழும்புகிற பெட்ரோல் ஆவி காற்றில் கலக்கக் கூடாது என்பதற்காகக் காரில் ஒரு கரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆவி அந்தக் கரியில் போய்ப் படியும். வண்டி ஓடும்போது ஒரு சின்ன வால்வு திறந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்கு உறிஞ்சக் கொடுக்கும். அந்த வால்வுக்குப் போகிற ரப்பர் குழாயைத் துணி சுற்றிய குறடால் இறுக்கிப் பிடித்தேன். திக்கித் திக்கி ஓடிய இன்ஜின், தூங்குகிற குழந்தையின் மூச்சைப் போலச் சீரானது. போனில் எண் திரும்பி வந்து இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. குறடை விட்டேன், மறுபடி திக்கியது. பிடித்தேன், சீரானது.

கரிப் பெட்டியைக் கழற்றினேன். கறுத்த பிளாஸ்டிக், உள்ளே கரித் துண்டுகள் மட்டும், ஒரு கையால் அலட்சியமாகத் தூக்க வேண்டியது. கனத்தது. காதருகே வைத்துக் குலுக்கினேன். இளநீர் போலச் சலம்பியது.

பணியில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. "இஞ்ச வா! கண்டுபிடிச்சாச்சு!" என்று கத்தினேன். அவள் கையில் மாவோடு வந்தாள். நான் பெட்டியைக் குலுக்கிக் காட்டினேன். கரி, ஆவி, வால்வு எல்லாவற்றையும் விளக்கினேன். இது நனைந்துபோனதால் இன்ஜினுக்கு அளவில்லாமல் பெட்ரோல் போகிறது, அதனால்தான் புகை, அதனால்தான் நாற்றம் என்றேன். அவள் பெட்டியை வாங்கி ஒரு தடவை குலுக்கினாள்.

"ஆவி போக வேண்டிய இடத்துல பெட்ரோல் எப்படிப் போச்சு?"

நல்ல மாணவன் கேட்கிற கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். டாங்குக்குள் மேல்பக்கம் ஆவி நிற்கக் கொஞ்சம் காலியிடம் விட்டிருப்பார்கள், அந்த இடத்தையும் பெட்ரோலால் நிரப்பினால் அது ஆவிக்குழாய் வழியாக... வாய் திறந்தபடியே நின்றது. சரிந்த முற்றம் ஞாபகம் வந்தது. கூரையைப் பிடித்து ஆட்டிய என் இரண்டு கைகளும் ஞாபகம் வந்தன.

"அது... பாக்கணும்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மெக்கானிக் தலையில் இதைப் போட்டுவிடலாமா என்று அன்று நான் யோசித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வால்வு பழசு, ரப்பர் பழசு, யார் மேலும் குற்றமில்லை என்று முடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். பிறகு, ஒருவேளை நான் தவறாக ஊகித்திருக்கலாம் என்று ஒரு ஆசை வந்தது. ஊகத்தைச் சோதிக்க முறை உண்டு. நனைந்த பெட்டியை அப்படியே திரும்ப மாட்டினேன். தனியாகக் களியக்காவிளைக்குப் போனேன். கழுத்து வரை அடித்தேன். ஆட்டினேன். பெட்ரோல் மினுங்கும் வரை அடித்தேன். சாயா குடிக்கவில்லை. கடைக்குப் போகவில்லை. அவள் எப்படி உடனே ஏறி ஓட்டுவாளோ அப்படி ஏறி ஓட்டினேன். கிளட்சை அவ்வளவு பைய நான் விட்டது கிடையாது.

ஜங்ஷனின் நட்டநடுவில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. திருப்பினேன். நான் உதட்டைக் கடித்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்துப் பல்லை எடுத்தேன். முன்பு அவளுக்காக வந்த அதே ஆட்டோக்காரர் வந்து ஜன்னலில் குனிந்தார்.

"சாறே, இன்னிக்கு அம்மா வரல்லியா?"

"இல்ல."

"அப்பம் வண்டிக்காக்கும் கேடு! நாங்க அந்த அம்மாவுக்க ஓட்டத்தையில்லியா குத்தம் சொன்னது." ஸ்டாண்டைப் பார்த்துக் கத்தினார். "எலே, வாங்கலே, தள்ளணும்! சாறுக்கும் நின்னு போச்சி!"

தள்ளினார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாள். நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் நின்று, தொடக்கத்தில் இருந்து வரிசையாகச் சொன்னேன். காரணம், விளைவு, இன்று ஜங்ஷனில் நடந்தது, ஆட்டோக்காரர் சொன்னது. முடித்துவிட்டு, "தப்பு என்மேலயாக்கும்" என்றேன்.

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"நீங்க 'பாக்கணும்'னு சொன்னியளே, அப்பம்."

கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். "எனக்கிட்ட எதுக்குச் செல்லுதிய? நான்தானே மொதல்லே செல்லிட்டேன். அண்ணனுக்க வீட்டுல செல்லுங்க."

புதுக் கரிப் பெட்டியும் வால்வும் போட்டேன். புகைச் சான்றிதழ் கிடைத்தது. அந்தப் பெண், "இப்பம் கொள்ளாம் சாறே, நல்லா எரியுது" என்றார். எல் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். பசையின் தடம் கண்ணாடியில் மிச்சம் இருந்தது, அதையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். சாவியை அவள் கைக்கெட்டும் ஆணியில் மாட்டினேன். அவள் எடுக்கவில்லை. நானும் எடு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியது எங்கே என்று அவள் சொல்லிவிட்டாள்.

அண்ணனுடைய பேரக்குழந்தைக்கு இருபத்தெட்டு கெட்டு வந்தது. பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கறுப்புச் சரடு கட்டுகிற சடங்கு. அதே முற்றம், அதே நாற்காலிகள், ஏறத்தாழ அதே ஆட்கள். ஒரு தவறான அறிக்கைக்குத் திருத்தம் போடும்போது, அறிக்கை எந்த இடத்தில் வந்ததோ அதே இடத்தில், அதே அளவில் போட வேண்டும். இதை நான் பலருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். சாப்பாடு முடியும் வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிச் சொன்னேன். அன்றைக்கு ஜங்ஷனில் இவள் ஓட்டியதில் ஒரு தப்பும் இல்லை, நான் பெட்ரோலைக் கழுத்து வரை அடித்ததுதான் காரணம் என்றேன்.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். பிறகு மச்சான் என் முதுகில் தட்டினார். "அளியன் நல்ல மனுசனாக்கும். பெஞ்சாதிய விட்டுக்கொடுக்க மாட்டாரு."

"இல்ல, அதுக்காகச் செல்லல்ல இது. நெசமாக்கும். ஒரு கரிப் பெட்டி உண்டு..."

"ஆமா ஆமா. வீட்டுல சோறு கிட்டணும் இல்லியா?" என்றார் இன்னொருவர்.

நான் ஒரு தம்ளரை எடுத்து டாங்க் என்றும், இன்னொன்றைக் கரிப் பெட்டி என்றும் வைத்து விளக்கினேன். விளக்க விளக்கச் சிரிப்பு கூடியது. இவ்வளவு பெரிய மனிதன் மனைவிக்காக எவ்வளவு பாடுபடுகிறான் பார் என்று பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு பாராட்டுக்கூட வந்தது. திருத்தம் போடப் போன இடத்தில் எனக்கு நற்சான்றிதழ் கிடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"மாமா, அதெல்லாம் இருக்கட்டு. அந்தக் கண்டக்டர் சொன்னத ஒருக்கா கூடி சொல்லுங்க. அந்தக் குரலுல!" என்றான் மச்சானுடைய மகன்.

"வேண்டாம் மக்கா."

"அப்பம் நான் செய்யேன்." அவன் எழுந்து, படியில் தொங்குவது போல ஒரு கையைத் தூக்கி, "சேச்சீ, இது ரோடாக்கும்!" என்றான். பிறகு உட்கார்ந்து, கற்பனைச் சாவியைத் திருப்பினான், உதட்டைக் கடித்தான். நான் செய்ததை அப்படியே, ஒரு அசைவு மாறாமல் செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நடிப்பு. என் உதடும் விரிந்துவிட்டது. அது விரிந்ததை நான் உணர்ந்து மூடுவதற்குள் நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாசலில் நின்றிருந்தாள்.

முற்றத்தில் இறங்கி நேராக என் நாற்காலிக்கு வந்தாள். கையை நீட்டினாள்.

"சாவிய தாங்க."

சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். நானும் எழுந்து அவளுக்குப் பின்னால் நடந்தேன். காரின் மறுபக்கக் கதவில் கை வைத்தபோது, கூரைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க இருங்க. சிரிச்சு முடிச்சிட்டு பஸ்ஸுல வாங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் முற்றத்தில் எல்லோருக்கும் கேட்டது. எங்கள் கார் ஒரு பலாமரத்துக்கும் மச்சான் மகனின் புதுக் காருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. வெளியே போக, பின்னோக்கி எடுத்து, திருப்பி, மதில் இடுக்கு வழியாக விட வேண்டும். அவன் பதறி எழுந்து, "வாங்க, வாங்க, கொஞ்சம் ரைட்டு" என்று கை காட்டத் தொடங்கினான். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். ஒரே எடுப்பில் பின்னால் வந்தாள், திரும்பினாள், மதிலைத் தாண்டிப் போனாள். பலாமரத்தில் ஒரு இலைகூட உரசவில்லை. வண்டிச் சத்தம் வளைவு திரும்புவது வரை எங்களுக்குக் கேட்டது.

"இவ இப்படி ஓட்டுவாளா?" என்று மச்சான் யாரிடமும் இல்லாமல் கேட்டார். மச்சான் மகன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு தன் காரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தான். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. மேஜைமேல் இரண்டு தம்ளர்கள் நான் வைத்தபடியே இருந்தன. மச்சானின் மனைவி வந்து அவற்றை எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு சாயா போடட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒருவர் சொன்னார். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றேன். அது அவர்களுக்கு வேடிக்கையாகப் படவில்லை.

இடையில் மாறி ஏறி, காத்து நின்று, வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கேட் பூட்டியிருந்தது. வீட்டுச் சாவி கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்தது. கேட்டில் ஏறிக் குதிக்கிற வயதில்லை. வெளியில் மதிலோரத்துக் கல்லில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போகிற வழியில் நின்று, "என்ன சாறே, வெளிய?" என்று கேட்டார்.

"அவ காரக்கோணத்துக்குப் போயிருக்கா" என்றேன்.

"எப்பம் வருவாவ?"

போன் என் கையில்தான் இருந்தது. "தெரியல்ல" என்றேன். "வாறப்பம் வருவா."